கொழும்பு ராணுவ ஒப்பந்தம் யாருக்குக் காவல்?

2025 ஏப்ரல் 5-ந் தேதி கொழும்பு நகரில் பிரதம மந்திரி மோடியும் இலங்கை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் முன்னிலை வகிக்க, இரண்டு சர்க்கார்களும் பல ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டன. அவற்றில் ஒன்று ராணுவ ஒத்துழைப்பு ஒப்பந்தம். அதன் முழு வாசகத்தைக் கையெழுத்திடுவதற்கு முன்னால் டில்லி பார்லிமெண்டிலும் வைக்கவில்லை, கொழும்பு பார்லிமெண்டிலும் வைக்கவில்லை. யாருடைய பெயரால் ஒப்பந்தம் போடுகிறார்களோ அந்த ஜனங்களுக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது.

ஆனால் முதலாளித்துவப் பத்திரிகைகளுக்கு ஒரே குதூகலம். இந்தியா வல்லரசாகி விட்டதாம். அண்டை அயல் நாடுகளெல்லாம் நம்மிடம் ஆயுதம் வாங்கவும் பயிற்சி பெறவும் வரிசையில் நிற்கின்றனவாம். பிலிப்பைன்ஸுக்கு பிரம்மோஸ் ஏவுகணை, வியட்நாமுக்கு ரோந்துப் படகு, மாலத்தீவுக்கு ஹெலிகாப்டர், மொரீஷியஸுக்கு விமானத்தளம், மியான்மருக்கு நீர்மூழ்கிக் கப்பல், இலங்கைக்கு விமானமும் கப்பலும். இதையெல்லாம் படித்து நாம் மார் தட்டிக்கொள்ள வேண்டுமாம்.

நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூவும் கும்பப்பூவும் நட்டு அறுக்கிற தோழனுக்கும், ஆரல்வாய்மொழியில் நூல் நூற்ற தோழனுக்கும், குளச்சலில் வலை இழுக்கிற தோழனுக்கும் இதில் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கிறார்கள். சம்பந்தம் இருக்கிறது. பெரிய சர்க்கார் ஒன்று சின்ன சர்க்காருக்குக் காவல் தருகிறேன் என்று வந்தால் என்ன நடக்கும் என்பதை இந்த மண் ஒரு முறை அனுபவித்திருக்கிறது. அந்தக் கணக்கை முதலில் பார்ப்போம்.

நாஞ்சில் நாடு கொடுத்த விலை

1741-ல் குளச்சலில் டச்சுக்காரனின் படையைத் திருவிதாங்கூர் தோற்கடித்தது. பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பிறகு திருவிதாங்கூர் சேனைக்கே பயிற்சி கொடுத்தான். அவன் கல்லறை இன்றும் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. ஆக, சின்ன ராஜ்யமாக இருந்தாலும் தன் காலில் நிற்க முடியும் என்று காட்டிய ராஜ்யம் அது.

அரை நூற்றாண்டுக்குள் என்ன ஆயிற்று? வடக்கே திப்பு சுல்தான் வருகிறான் என்ற பயம். 1789-ல் திப்புவின் படை திருவிதாங்கூரின் நெடுங்கோட்டை எல்லையைத் தாக்கியது. கிழக்கிந்தியக் கம்பெனி வந்தது. உன்னை நான் காப்பாற்றுகிறேன், என் பட்டாளத்தை உன் ராஜ்யத்தில் நிறுத்துகிறேன், செலவை மட்டும் நீ கொடு என்றது. 1795-ல் ஒப்பந்தம் ஆயிற்று.

1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு மாண்டு போனான். பயத்துக்குக் காரணமானவன் போய்விட்டான். பட்டாளம் போயிற்றா? போகவில்லை. 1805-ல் இன்னொரு ஒப்பந்தம் போட்டு, இன்னும் ஒரு ரெஜிமெண்டைத் தலையில் கட்டினார்கள். திருவிதாங்கூர் கம்பெனிக்குக் கட்ட வேண்டிய தொகை வருஷத்துக்கு சுமார் எட்டு லட்சம் ரூபாய் ஆயிற்று. அந்தக் காலத்து எட்டு லட்சம்! அது அரண்மனைத் தோட்டத்திலா காய்த்தது? நாஞ்சில் நாட்டு விவசாயி அளந்த நெல்லிலிருந்தும், கைவினைஞனின் தலைவரியிலிருந்தும் வழித்தெடுத்ததுதான்.

இந்த ஒப்பந்தத்தில் ராஜ்யத்தின் சார்பில் கையெழுத்திட்டவர் யார்? நம் மாவட்டத்துத் தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாய். பாக்கியைக் கட்டு கட்டு என்று கம்பெனி ரெஸிடெண்ட் மெக்காலே கழுத்தைப் பிடித்தபோது, கையெழுத்திட்ட அதே வேலுத்தம்பி 1809 ஜனவரியில் குண்டறையில் பிரகடனம் செய்து கம்பெனிக்கு எதிராக வாள் எடுத்தார். அடுத்த மாதமே கம்பெனிப் படை ஆரல்வாய்மொழிக் கணவாயை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. வேலுத்தம்பி மண்ணடியில் உயிரை விட்டார். அவர் பிணத்தைக்கூட விடாமல் திருவனந்தபுரத்துக்குக் கொண்டு போய் ஜனங்கள் பார்க்கத் தொங்கவிட்டார்கள். 1811-ல் கம்பெனியின் ரெஸிடெண்டான கர்னல் மன்றோவே திவான் நாற்காலியிலும் உட்கார்ந்துகொண்டான். காவல்காரன் வீட்டுக்காரனாகி விட்டான்.

வேலுத்தம்பி ராஜ சேவகர். நிலப்பிரபுத்துவ சமூகத்தின் மனிதர். அவரைப் பாட்டாளி வர்க்க வீரர் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சரித்திரத்தில் மூன்று பாடங்கள் இருக்கின்றன. முதலில் ஒரு எதிரியின் பெயரைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். எதிரி போன பிறகும் ஒப்பந்தம் போகாது. செலவு உழுகிறவன் தலையில் விழும்.

இலங்கை ஏற்கனவே கண்ட காவல்கள்

இலங்கை மக்களுக்கும் இது புதிதல்ல. 1948 பிப்ரவரியில் சுதந்திரம் வருவதற்கு முன்பே, 1947 நவம்பரில், பிரிட்டிஷ்காரன் அந்த நாட்டோடு ஒரு பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டான். கொடி மாறியது, திருகோணமலைத் துறைமுகமும் கட்டுநாயக்கா விமானத்தளமும் அவன் கையிலேயே இருந்தன. ஜனங்களின் நிர்ப்பந்தம் வளர்ந்து, பண்டாரநாயக்கா சர்க்கார் வந்த பிறகு, 1957-ல்தான் அந்தத் தளங்கள் இலங்கைக்குக் கிடைத்தன.

1971 ஏப்ரலில் தென்னிலங்கைக் கிராமத்து வாலிபர்கள் ஜே.வி.பி. தலைமையில் கிளர்ச்சி செய்தார்கள். அவர்கள் பாதை சரியா தவறா என்பது வேறு விவாதம். அந்தக் கிளர்ச்சியை நசுக்க சிரிமாவோ சர்க்காருக்கு இந்திய ஹெலிகாப்டர்களும் கடற்படைக் கப்பல்களும் போயின. பிரிட்டனும் உதவியது, அமெரிக்காவும் உதவியது, பாகிஸ்தானும் உதவியது. ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருந்த சர்க்கார்களெல்லாம், ஏழை வாலிபர்களைச் சுடுகிற வேலைக்கு ஒரே வரிசையில் நின்றன. ஆயிரக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டார்கள்.

1987 ஜூலை 29-ந் தேதி ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தம் செய்தார்கள். சமாதானம் காக்கப் போவதாகச் சொல்லி இந்தியப் பட்டாளம் போயிற்று. மூன்று மாதத்துக்குள் அது யாழ்ப்பாணத்து வீதிகளில் யுத்தம் செய்தது. அந்த அக்டோபரில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்து டாக்டர்களையும் நர்ஸுகளையும் நோயாளிகளையும் சுட்டுக் கொன்றது. 1990 மார்ச்சில் பட்டாளம் திரும்பியபோது சுமார் 1,200 இந்தியச் சிப்பாய்கள் செத்துப் போயிருந்தார்கள். அவர்கள் யார் பிள்ளைகள்? டாட்டா, பிர்லாவின் பிள்ளைகளா? நம்மைப் போல் கஞ்சிக்கும் கூலிக்கும் வழியின்றிப் பட்டாளத்தில் சேர்ந்த உழவர் வீட்டுப் பிள்ளைகள்.

ஜே.வி.பி. தன் ஊழியர்களுக்கு நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று 'இந்திய விஸ்தரிப்பு வாதம்' பற்றியது. மலையகத் தோட்டத் தொழிலாளியைக்கூட இந்தியாவின் கைக்கருவி என்று சொன்ன மகா தவறு அதில் இருந்தது. 2025-ல் அதே கட்சியின் தலைவர் ஜனாதிபதியாக இருந்து இந்தியாவுடன் ராணுவ ஒப்பந்தம் செய்கிறார்! ஏன் இந்தத் தலைகீழ் மாற்றம்? 2022 ஏப்ரலில் இலங்கை அந்நியக் கடனைக் கட்ட முடியவில்லை என்று கையை விரித்தது. கஜானா காலி. பால்மாவுக்கும் கியாஸுக்கும் ஜனங்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள். அப்படி நொடித்துப்போன வீட்டின் வாசலில் வந்து நிற்கிறவனோடு சரிசமமாகப் பேரம் பேச முடியுமா? அந்தச் சமயத்தில் நீட்டப்படும் காகிதத்துக்கு 'ஒத்துழைப்பு' என்று பெயர் வைப்பது எவ்வளவு பெரிய பம்மாத்து!

பண்ணையாரின் விதைநெல்

இந்த ஒத்துழைப்பில் பணம் எப்படி ஓடுகிறது என்று பார்த்தால் வேஷம் கலைந்துவிடும்.

பண்ணையார் விதைநெல் கடன் கொடுப்பது நமக்குத் தெரியும். கடன் அவர் கொடுப்பார். விதையை அவர் களஞ்சியத்திலேயே எடுக்க வேண்டும். அவர் சொல்கிற விலை. அறுத்த பிறகு அவர் மரக்காலில்தான் அளக்க வேண்டும். கொடுத்ததும் அவர், வாங்கியதும் அவர், இடையில் வட்டி மட்டும் நம்முடையது.

வியட்நாமுக்கு 10 கோடி டாலர் கடன் என்று டில்லி சர்க்கார் அறிவித்தது. அந்தக் கடனில் 12 அதிவேக ரோந்துப் படகுகள் கட்டும் ஆர்டர் எல் அண்ட் டி கம்பெனிக்குப் போயிற்று. அவற்றில் 5 படகுகள் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் கட்டப்பட்டன. 2022 ஜூனில் ராணுவ மந்திரி ராஜ்நாத் சிங் நேரில் போய் ஒப்படைத்தார். கடன் இந்திய ஜனங்களின் பணம். கடனைத் திருப்பிக் கட்டுவது வியட்நாம் ஜனங்களின் உழைப்பு. லாபம் பெருமுதலாளியின் பெட்டியில். மாலத்தீவுக்கும் 2025 ஜூலையில் 4,850 கோடி ரூபாய்க் கடன் அறிவித்தார்கள். ராணுவத்துக்கு என்றாலும் ரோட்டுக்கு என்றாலும் இந்தக் கடன்களில் பெரும் பகுதிக்கு இந்தியச் சரக்கையே வாங்க வேண்டும் என்பதுதான் வழக்கமான நிபந்தனை.

ஒட்டுமொத்தக் கணக்கையும் சர்க்காரே கொடுத்திருக்கிறது. 2013-14-ல் இந்தியா அந்நிய நாடுகளுக்கு விற்ற ராணுவத் தளவாடம் 686 கோடி ரூபாய். 2024-25-ல் அது 23,622 கோடி. 2029-க்குள் 50,000 கோடி ஆக்குவோம் என்கிறார்கள். இந்த 23,622 கோடியில் தனியார் முதலாளிகளின் பங்கு 15,233 கோடி. அதாவது ரூபாய்க்கு பத்தணாவுக்கு மேல் அவர்கள் பையில் விழுகிறது. டில்லி மந்திரிகள் ஊர் ஊராய்ப் போய் ஆயுத வியாபாரத்துக்குத் தரகு பேசுவதன் ரகசியம் இதுதான்.

ஆயுதத்துக்குப் பின்னால் மற்ற வியாபாரமும் நடந்து போகிறது. கொழும்புத் துறைமுகத்தின் மேற்கு முனையத்தை 51 சதவீதப் பங்கோடு நடத்துவது அதானி கம்பெனி. விழிஞ்ஞம் துறைமுகத்துக்காக நம் மாவட்டத்துப் பாறைகள் லாரி லாரியாகப் போனதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம். விழிஞ்ஞத்திலும் அதானி, கொழும்பிலும் அதானி. நடுவில் இருக்கிற கடலுக்குக் காவல் போட ஜனங்களின் வரிப்பணம்!

துப்பாக்கி எந்தப் பக்கம் திரும்பும்?

கொடுத்த ஆயுதம் அந்த நாட்டு ஜனங்களைக் காப்பாற்றும் என்கிறார்கள். மியான்மரைப் பாருங்கள். 2020-ல் இந்தியா தன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றை அந்த நாட்டுக் கடற்படைக்குக் கொடுத்தது. 2021 பிப்ரவரி 1-ந் தேதி மியான்மர் ராணுவம் தேர்ந்தெடுக்கப்பட்ட சர்க்காரைக் கவிழ்த்து ஆட்சியைப் பிடித்தது. வேலைநிறுத்தம் செய்த ரயில்வே தொழிலாளிகளையும் தையல் ஆலைப் பெண்களையும் வேட்டையாடியது. கிராமங்கள்மீது விமானத்திலிருந்து குண்டு போட்டது. அதற்குப் பிறகாவது வியாபாரம் நின்றதா? ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் 2023 மே மாதம் கொடுத்த அறிக்கையில், ராணுவ ஆட்சி வந்த பிறகு இந்தியாவிலிருந்து 5 கோடியே 10 லட்சம் டாலர் பெறுமான ஆயுதமும் அது சார்ந்த பொருள்களும் போயிருப்பதாகச் சொன்னார். ரஷ்யாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் இதைவிடப் பன்மடங்கு போனதையும் அவர் சொல்லியிருக்கிறார். மற்றவன் அதிகம் விற்றான் என்பதால் நாம் விற்ற துப்பாக்கியில் ரத்தம் இல்லாமல் போய்விடுமா?

இலங்கைக்கு வருவோம். 2009-ல் முடிந்த யுத்தத்தில் அந்த சர்க்காருக்கு ஆயுதம் கொடுத்தவர்கள் பட்டியலில் இஸ்ரேல் உண்டு, சீனா உண்டு, பாகிஸ்தான் உண்டு. இந்தியா ரேடாரும் ரோந்துக் கப்பலும் கொடுத்தது. 2017-லும் 2018-லும் கோவாவில் கட்டிய இரண்டு பெரிய ரோந்துக் கப்பல்கள் இலங்கைக் கடற்படையில் சேர்ந்தன. அந்தக் கடற்படைதான் 2024 என்ற ஒரே வருஷத்தில் 500-க்கு மேற்பட்ட தமிழக மீனவர்களைச் சிறைபிடித்தது. அந்த வருஷம் ஆகஸ்ட் 1-ந் தேதி அதன் கப்பல் மோதி ராமேஸ்வரத்து மீனவர் ஒருவர் இறந்தார். 2025 ஜனவரி 28 அதிகாலையில் நெடுந்தீவு அருகே அது சுட்டதில் ஐந்து மீனவர்கள் காயமடைந்தார்கள். பத்து வாரம்கூட முடிவதற்குள் ராணுவ ஒப்பந்தம்! மீனவர் பிரச்னைக்கு 'மனிதாபிமான அணுகுமுறை' என்று ஒரு வரி. ராணுவத்துக்கு ஒரு தனி ஒப்பந்தம். எந்தக் கப்பல் எந்தப் படகை மோதியது என்று நாம் ஆராயவில்லை. சுடுகிற கைக்குச் சுடாதே என்ற நிபந்தனைகூட இல்லாமல் தளவாடம் கொடுக்கிறவன், சுடப்படுகிற நமக்குக் காவல்காரன் என்று எப்படிச் சொல்லிக்கொள்ள முடியும்?

இதில் இனவெறி பேசுகிறவர்களின் வலையில் நாம் விழக்கூடாது. கரைக்கு அந்தப் பக்கம் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இருப்பவர்களும் ஏழைத் தமிழ் மீனவர்களே. முப்பது வருஷ யுத்தத்தில் வலையும் வள்ளமும் இழந்தவர்கள். இங்கிருந்து போகும் பெரிய விசைப்படகுகளின் இழுவைமடி அவர்களுடைய வலையை அறுத்து, கடலின் அடியையே சுரண்டிப் போடுகிறது என்பது அவர்கள் குறை. அது நியாயமான குறை. இந்த விசைப்படகுகளில் கூலிக்குப் போகிறவன் பிடிபட்டுச் சிறையில் கிடக்கிறான். படகு முதலாளி கரையில் இருக்கிறான். இந்தச் சிக்கலை இரு கரை மீனவர் சங்கங்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசித்தான் அவிழ்க்க முடியும். இழுவைமடியை விட்டுவிட்டு வேறு தொழில்முறைக்கு மாற சர்க்கார் முழுப் பணமும் கொடுக்க வேண்டும். போர்க்கப்பலால் இதை அவிழ்க்க முடியாது.

'நாம் போகாவிட்டால் சீனா வந்துவிடும்'

இது அவர்களுடைய பெரிய வாதம். திப்பு வருகிறான் என்று கம்பெனி சொன்ன அதே பல்லவி.

ஹம்பன்தோட்டாவை 2017-ல் 99 வருஷக் குத்தகைக்கு சீனக் கம்பெனியிடம் இலங்கை கொடுத்தது உண்மை. 2022 ஆகஸ்டில் யுவான் வாங்-5 என்ற சீனக் கப்பல் அங்கே வந்தது உண்மை. கடன்பட்ட நாட்டின் துறைமுகத்தை 99 வருஷத்துக்கு எழுதி வாங்குவது எவன் செய்தாலும் சோஷலிஸம் ஆகாது. ஆனால் அதற்கு மருந்து, கிழக்கே ஒரு துறைமுகத்தை நாம் எழுதி வாங்குவதா? 1971 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை இந்து மகா சமுத்திரம் சமாதானப் பிரதேசம் என்று பிரகடனம் செய்தது. அந்தப் பிரேரணையைக் கொண்டு வந்தது இதே இலங்கை. இந்தியாவும் அதை ஆதரித்தது. வல்லரசுகளின் ராணுவத் தளங்கள் இந்தக் கடலில் கூடாது என்று சொல்ல டில்லிக்கு அன்று வாய் இருந்தது.

இன்று ஏன் இல்லை? ஏனென்றால் டில்லி சர்க்கார் அமெரிக்க ஏகாதிபத்தியத்தின் தோளில் கை போட்டுக்கொண்டு வல்லரசு ஆகப் பார்க்கிறது. 2016-ல் அமெரிக்கக் கப்பலும் விமானமும் நம் தளங்களில் எரிபொருளும் தங்குமிடமும் பெற ஒப்பந்தம். 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படைக் கப்பலான சார்ல்ஸ் ட்ரூ காட்டுப்பள்ளிக்குப் பழுது பார்க்க வந்தது. 2023-ல் அதையே நிரந்தர ஏற்பாடாக்கி எல் அண்ட் டியோடு அமெரிக்கக் கடற்படை ஒப்பந்தம் போட்டது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குகளுக்கு அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டுத் திருப்பூர் ஆலைகளின் ஆர்டரைச் சிதைத்தது. இரண்டு மாதம் கழித்து, அக்டோபர் 31-ந் தேதி, அதே அமெரிக்காவோடு பத்து வருஷ ராணுவ ஒத்துழைப்புத் திட்டத்தில் டில்லி கையெழுத்திட்டது. பனியன் கம்பெனித் தொழிலாளியின் அடுப்பில் தண்ணீரை ஊற்றியவனுக்கு இவர்கள் கொடுத்த பதில் இது!

ஆக, சின்ன நாடுகளிடம் போய் மீசையை முறுக்குகிற இந்த வல்லரசு, பெரியவன் வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கிறது.

இந்தக் கடலில் தளம் என்றால் என்ன என்பதற்கு டீகோ கார்சியா சாட்சி. அந்தத் தீவுக்கூட்டத்தில் தென்னந்தோப்புக் கூலிகளாக இருந்த ஜனங்களை 1968-க்கும் 1973-க்கும் நடுவில் பிரிட்டிஷ்காரன் அடியோடு பெயர்த்தெடுத்து மொரீஷியஸிலும் செஷல்ஸிலும் கொண்டு போய்க் கொட்டினான். தென்னந்தோப்பு இருந்த இடத்தில் அமெரிக்கா குண்டு விமானத்தளம் போட்டது. நம் தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்கள் அந்தப் பக்கம் மீன் பிடிக்கப் போய் பிரிட்டிஷ் ரோந்துக் கப்பலிடம் பிடிபட்டதுண்டு. மொரீஷியஸின் அகலேகா என்ற சின்னத் தீவிலும் சில நூறு ஜனங்கள் தென்னை நம்பி வாழ்கிறார்கள். அங்கே இந்தியப் பணத்தில் மூன்று கிலோமீட்டர் விமான ஓடுபாதை கட்டி 2024 பிப்ரவரி 29-ந் தேதி திறந்தார்கள். டீகோ கார்சியா ஜனங்களின் கதை அந்தத் தீவு ஜனங்களுக்குத் தெரியும். அவர்கள் பயப்படுவதில் ஆச்சரியம் என்ன?

மாலத்தீவிலும் இதுவே நடந்தது. ஹெலிகாப்டரோடு போன இந்திய ராணுவத்தினர் வெளியேற வேண்டும் என்ற கோஷத்தோடு ஒருவர் 2023-ல் ஜனாதிபதியாகவே வந்துவிட்டார். 2024 மே மாதத்துக்குள் அவர்கள் வெளியேற வேண்டி வந்தது. ஹெலிகாப்டர் நோயாளிகளையும் சுமந்தது உண்மை. ஆனால் ராணுவ உடுப்பில் போகிற உதவியைச் சின்ன நாட்டு ஜனங்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

'வேலை கிடைக்கும்' என்ற ஆசை வார்த்தை

ஆயுத ஏற்றுமதி வளர்ந்தால் தமிழ்நாட்டில் வேலை வளரும் என்கிறார்கள். சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி என்று ராணுவத் தொழில் பாதை போட்டிருக்கிறார்கள்.

ஏற்கனவே இருந்த வேலையை என்ன செய்தார்கள்? ஆவடியிலும் திருச்சியிலும் அருவங்காட்டிலும் இருப்பவை உட்பட நாடு முழுவதும் 41 ராணுவத் தளவாட ஆலைகள் சர்க்கார் இலாகாவாக இருந்தன. 2021 அக்டோபர் 1-ந் தேதி அவற்றை ஏழு கம்பெனிகளாக வெட்டினார்கள். எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளிகள் எதிர்த்தார்கள். வேலைநிறுத்தம் செய்வோம் என்று நோட்டீஸ் கொடுத்தார்கள். உடனே அவசரச் சட்டம், அதைத் தொடர்ந்து பார்லிமெண்டில் ஒரு வருஷத்துக்கான சட்டம். வேலைநிறுத்தம் செய்தால் ஒரு வருஷச் சிறை, தூண்டினால் இரண்டு வருஷச் சிறை! அந்நிய நாட்டுக்கு ஆயுதம் விற்கக் கிளம்பியவர்களின் முதல் தாக்குதல் விழுந்தது உள்நாட்டுத் தொழிலாளியின் சங்க உரிமை மீது. இதை மில் தொழிலாளித் தோழர்கள் மறக்கக்கூடாது. இன்று அங்கே செய்ததை நாளை எந்த ஆலையிலும் செய்யலாம்.

கிராமத்துக்கு என்ன கிடைத்தது? 2025-26 பட்ஜெட்டில் ராணுவத்துக்கு 6,81,210 கோடி ரூபாய். நூறு நாள் வேலைக்கு 86,000 கோடி. முந்தின வருஷமும் அதே 86,000 கோடிதான். அரிசி விலை ஏறியது, எண்ணெய் விலை ஏறியது. விவசாயத் தொழிலாளியின் கூலிக்கான ஒதுக்கீடு ஒரு காசு ஏறவில்லை.

நம் கடலோரத்துக்கு என்ன கிடைத்தது? 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் கிராமங்களின் ஆண்கள் நடுக்கடலில் கிடந்தார்கள். ஹெலிகாப்டரும் கப்பலும் அனுப்பித் தேடுங்கள் என்று தாய்மார்கள் கதறினார்கள். டிசம்பர் 7-ந் தேதி குழித்துறையில் ஆயிரக்கணக்கில் ரயில் பாதையில் உட்கார்ந்த பிறகுதான் ஆட்சியாளர்களின் காது லேசாகத் திறந்தது. நூற்றுக்கு மேற்பட்ட குமரி மாவட்ட மீனவர்கள் திரும்பி வரவில்லை. மாலத்தீவுக்குப் போகத் தெரிந்த ஹெலிகாப்டருக்கு வள்ளவிளைக்கு வழி தெரியாமல் போயிற்று. பாதுகாப்பு என்ற சொல்லுக்கு இந்தக் கடற்கரைப் பெண்கள் கொடுக்கிற அர்த்தம் வேறு: போன மனிதன் உயிரோடு கரைக்கு வர வேண்டும்.

ஒத்துழைப்பு என்றால் இதுதான்

நாம் ஒத்துழைப்புக்கு விரோதிகள் இல்லை. 2022 மே மாதம் இலங்கை பசியில் கிடந்தபோது தமிழ்நாட்டிலிருந்து கப்பல் போயிற்று. 40,000 டன் அரிசி, 500 டன் பால்மா, மருந்துகள் என்று அறிவித்து அனுப்பினார்கள். சிங்களவன், தமிழன், முஸ்லிம் என்று பார்க்காமல் போன அரிசி அது. அந்தக் கப்பலைக் கண்டு எந்தத் தீவிலும் யாரும் பயப்படவில்லை. வெளியேறு என்று யாரும் கோஷம் போடவில்லை.

இன்னொரு முன்மாதிரியும் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் இந்தியத் துறைமுகத் தொழிலாளிகளின் சம்மேளனம், காஸாவில் குழந்தைகளைக் கொல்கிற இஸ்ரேலுக்குப் போகும் ஆயுதத்தை எங்கள் தோழர்கள் ஏற்றவோ இறக்கவோ மாட்டார்கள் என்று பகிரங்கமாக அறிவித்தது. ஹைதராபாத்தில் அதானியும் இஸ்ரேல் கம்பெனியும் சேர்ந்து 2018-ல் திறந்த ஆலையில் டிரோன் செய்கிறார்கள். செய்வது முதலாளியின் முடிவு. ஏற்றுவதா வேண்டாமா என்பதில் தொழிலாளிக்கும் ஒரு வார்த்தை உண்டு என்று சுமை தூக்குகிற தோழர்கள் காட்டினார்கள். நாடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டிய ஒத்துழைப்பு உழைக்கிறவர்களுக்கு நடுவில்தான் துளிர்க்கும்.

ஆகவே நாம் கேட்கிறோம்:

கொழும்பு ராணுவ ஒப்பந்தத்தின் முழு வாசகத்தையும் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடு! இரண்டு பார்லிமெண்டிலும் விவாதத்துக்கு வை!

மீனவர் மீது துப்பாக்கியைத் தூக்குவதில்லை என்ற உறுதியை எழுத்தில் வாங்கு! இரு கரை மீனவர் சங்கங்களையும் ஒரே மேஜையில் உட்கார வை!

மியான்மர் ராணுவத்துக்கும் இஸ்ரேலுக்கும் ஆயுத வியாபாரத்தை நிறுத்து!

தளவாட ஆலைகளைத் தனியாருக்குத் தாரை வார்க்காதே! தொழிலாளியின் வேலைநிறுத்த உரிமையில் கை வைக்காதே!

அமெரிக்காவோடு செய்த ராணுவ ஒப்பந்தங்களை ரத்து செய்! டீகோ கார்சியா உட்பட அந்நியத் தளங்கள் எல்லாம் இந்து மகா சமுத்திரத்தை விட்டுப் போகட்டும்!

தோழர்களே! இந்தக் கோரிக்கைகளை மில் வாசல் கூட்டத்தில் படியுங்கள். களத்து மேட்டிலும் கடற்கரையிலும் பேசுங்கள். விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளையிலும் மீன் தொழிலாளர் சங்கக் கிளையிலும் தீர்மானமாக நிறைவேற்றி டில்லிக்கு அனுப்புங்கள். 1805-ல் நாஞ்சில் நாட்டு விவசாயியைக் கேட்காமல் அவன் நெல்லின் மீது ஒப்பந்தம் எழுதினார்கள். அன்று அவனுக்கு சங்கம் இல்லை, பத்திரிகை இல்லை, ஓட்டு இல்லை. இன்று நமக்கு மூன்றும் இருக்கின்றன. நம்மைக் கேட்காமல் எழுதுகிற ஒப்பந்தத்தைக் கேள்வி கேட்போம்!